ஜீவன் என்று காதில் விழுந்தது

கண்ணு,

இந்திராகாந்தியைச் சுட்டதில் பஸ் ஓடாமல் நின்ற வாரம் அது. தக்காளி லாரியில் ஏறி, உன்னைத் துணியில் சுற்றி, குண்டலுபேட்டையிலிருந்து மைசூருக்குக் கொண்டுவந்தோம். அம்மாவும் நானும் இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

என்னைப் போன்ற ரயில்வே கேங்மேன்களின் 'ஜீவன சரித்ரெ', அதாவது வாழ்க்கைக் கதை, புக்காக எழுத சர்க்கார் பணம் கொடுத்து அனகா என்ற பெண்ணை அனுப்பியது. என் காதில் ஜீவன் மட்டும்தான் விழுந்தது. உயிரோடு இருக்கிறேன் என்று பென்ஷனுக்கு வருஷா வருஷம் கைரேகை வைக்கிறேனே, அந்த ஜீவன் சர்டிபிகேட் என்று நினைத்தேன். பொய் சொன்னால் பென்ஷன் நின்றுவிடும் என்று பயந்து உள்ளதையெல்லாம் சொன்னேன். பெற்ற பிள்ளைகள் எத்தனை என்றாள். ஒன்றும் இல்லை என்றேன்.

நான் சொல்லச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதுவதும் அவள்தான்.

"அந்தப் பக்கத்தை மட்டும் கிழிச்சுப் போடும்மா."

"புக்கு அச்சாயிடுச்சு தாத்தா. நீங்கதானே கைநாட்டு வச்சீங்க" என்று அழுகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை புக்கு வெளியிடும் விழாவுக்கு உன் ஹெப்பாள் ஆபீஸ் முழுவதையும் கூப்பிட்டிருக்கிறாய். அதற்குள் ஒருமுறை குண்டலுபேட்டை போய்வா. லாரிக்காரர் போய்விட்டார், மருத்துவச்சி போய்விட்டாள், அம்மாவும் இல்லை. உன்னைப் பெற்றவள் மட்டும் இருக்கிறாள். தீபாவளி தவறாமல் உனக்குச் சேலை அனுப்புகிறாளே, அந்த மாதேவி சின்னம்மா.

அப்பா