பிரஷர் பார்க்கச் சொன்ன போன்

சத்தியமாகச் சொல்கிறேன் மகளே, இந்தச் சீட்டில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை. காலையில் ஆஸ்பத்திரிச் செய்தி வந்ததும் உன் போன் மேசையிலிருந்து குதித்து, அடுப்படி வரை நடந்துவந்து, உன் அப்பனான என் சட்டையைப் பிடித்து உலுக்கியது.

"ஐயா பெரியவரே, பிள்ளைத்தாச்சிக்கு முகம் வீங்கியிருக்கு, தலைவலிங்குறா. இன்னைக்கே பிரஷர் பாக்கணும்."

"அவ என்னைக்கு அப்பன் பேச்சைக் கேட்டா?"

"அப்ப நீங்க முன்னாடி போய் டோக்கன் போட்டு உக்காருங்க."

இதோ, உன் அப்பன் கிளம்பிவிட்டான். டாக்டரே துரத்தினாலும், நீ வந்து சேரும்வரை ஆஸ்பத்திரி பெஞ்சை விட்டு அசையமாட்டான்.

பால் காய்ச்சி மூடியிருக்கிறது. ஆட்டோவுக்குச் சொல்லியாச்சு. சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

நேற்று என்னைத் தொல்லை என்றாய். சரி, அந்தத் தொல்லை அங்கே காத்திருக்கும்.

இன்னொன்று: அந்த ஆஸ்பத்திரிச் செய்திகள் வராதபடி நீ போன வாரமே நிறுத்திவிட்டாய். உன் முகவீக்கத்தைக் கவனித்தது போன் இல்லை.