ஆளில்லாத சீட்டு

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலியும் பாப்பாவின் சளியும் எப்படி இருக்கின்றன?

பயப்படாமல் படி. போன வாரம் அசதியில் கண் அசந்து, பார்சல் வேனை முன்னால் நின்ற லாரியில் இடித்துவிட்டேன். ஸ்டீயரிங்கிலிருந்து ஏர்பேக் என்கிற காற்றுப்பை டமாரென்று விரிந்தது. எனக்கு நெஞ்சில் பெல்ட் தடம் மட்டும்தான்.

ஒரு நாளைக்கு அறுபது வீட்டில் இறங்கி ஏறுகிறோம். அதனால் இங்கே டிரைவர்கள் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு உட்காருவார்கள், பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்தாது. நானும் அப்படித்தான். நீ போனில் திட்டிய பிறகுதான் ஒழுங்காகப் போடுகிறேன்.

“பெல்ட்டு மொதல்ல புடிச்சு நிறுத்துனதாலதான் பை உங்களத் தாங்குச்சு. இல்லேன்னா அதுவே மூஞ்சியப் பேத்திருக்கும்ணே,” என்றார் மெக்கானிக்.

பக்கத்து சீட்டின் பை ஏன் விரியவில்லை என்று கேட்டேன்.

“ஆள் உக்காந்தாத்தான் விரியும். கனத்த வச்சே சீட்டு கண்டுபுடிச்சிடும்.”

நீலச் சட்டையில் இரண்டு பொத்தான் தெறித்துவிட்டது. அதே மாதிரி பொத்தான் வாங்கி அனுப்பு. இங்கேயும் கிடைக்கும்தான், ஆனால் நீ பார்த்து எடு.

லோடு ஏற்றிவிட்டார்கள், கூப்பிடுகிறார்கள். பெல்ட் போட்டுத்தான் கிளம்புகிறேன்.

ஆள் இல்லையென்று அந்த சீட்டுக்குத் தெரிகிறது. நான்தான் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்