படகு வேலை என்று சொல்லிவிட்டேன்

கோவளம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

ஜோதி எழுதுகிறேன். நானும் நம்ம ரேணுக்குட்டியும் சுகம். உங்கள் சுகம் கேட்க நாக்கு கூசுகிறது. இதைப் படித்ததும் என்மேல் எரிந்து விழத்தான் போகிறீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். அதனால்தான் நீங்கள் போட் வேலைக்குப் போயிருக்கும் கொச்சிக்கு வரும் ரங்கன் அண்ணனிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று முடித்ததும், கூடையை வாட்ச்மேனிடம் வைத்துவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குள் போனேன். உங்களுக்குக் கண்ணாடியை விட்டொழிக்கும் ஆபரேஷனுக்கு நாள் குறித்த டாக்டரம்மாவைப் பார்த்தேன். அன்றைக்கு என்ன வேலை என்று அவர் கேட்டதற்குத் துணிக்கடை என்று கூசாமல் சொன்னீர்கள். வெளியே வந்ததும் என்னிடம், "போட்டு வேலைன்னா பண்ண மாட்டாங்கடி, கம்முனு இரு" என்றீர்கள். என்னால் கம்மென்று இருக்க முடியவில்லை, மாமா.

உண்மையைச் சொன்னதும் அந்த அம்மா பதறிவிட்டார். "ஏம்மா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். உங்களுக்குச் செய்வதாக இருந்த லாசிக்கில், கருவிழியின் மேல்பக்கத்தை மூடி மாதிரி அரிந்து தூக்கி, லேசர் அடித்துத் திரும்ப மூடுவார்களாம். மறுநாளே பார்வை தெளியுமாம். ஆனால் அந்த மூடி பழையபடி இறுகாது, வருஷம் கழித்துக்கூடப் பலமாக அடிபட்டால் நகரலாம் என்கிறார். உங்கள் போட்டில் கயிறு அறுந்து டெனிஸ் அண்ணன் புருவம் கிழிந்ததைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

பி.ஆர்.கே. என்று இன்னொன்று இருக்கிறதாம். அதில் மூடியே கிடையாது. மேல்தோலை மட்டும் எடுத்துவிட்டு லேசர் அடிப்பார்கள், தோல் தானாக வளர்ந்துவிடும். நாலைந்து நாள் எரிச்சல் உயிரை எடுக்கும், பார்வை தெளிய வாரக்கணக்காகும், வெயிலும் உப்புத் தண்ணீரும் ஆகாது. ஸ்மைல் என்பதில் சின்னக் கீறல்தானாம், ஆனால் அந்த மெஷின் அங்கே இல்லை. உங்களுக்குத் தோல் எடுப்பதுதான் சரி என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அப்படியென்றால் நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்த கையோடு போட் ஏற முடியாது. உங்கள் அவசரமே அதுதான், தெரியும். பதறாத காரியம் சிதறாது, மாமா.

போன வருஷம் அலை கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனபோது, கரையில் எதிரே நின்ற என்னையே யாரென்று கேட்டீர்கள். கண்ணாடி வேண்டாம் என்பது நியாயம்தான். அதற்காகக் கண்ணையே பணயம் வைப்பீர்களா?

குறித்த நாளை ரத்து செய்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்பென்றால் தப்புதான். செல்லியம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்து வாயாரத் திட்டுங்கள். நாலு நாள் பேசாதிருங்கள். எதிரே நின்று முறையுங்கள். இரண்டு கண்ணாலும் முறைக்க வேண்டும், எனக்கு அது போதும்.

உங்கள்
ஜோதி