விருந்து வரைக்கும் ஒரு முகம்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. உதடு பிளந்து பிறந்த பிள்ளைகளுக்காக மணிலாவில் முழுப்பன்றி சுட்டு நீ நடத்தப்போகும் நன்கொடை விருந்தின் சுவரொட்டி இங்கே எங்கள் ஊர் இலோயிலோ வரைக்கும் வந்துவிட்டது. ஊருக்குள் ஓடும் ஒவ்வொரு ஜீப்னி வண்டியின் முதுகிலும் நம் மீன்காரி மகள் அனாலினின் முகம்.

அவளுக்கு ஆபரேஷன் தேதி கிடைத்ததை நான் சொன்னதும் போனில் என்ன சொன்னாய்? "விருந்து முடியட்டும்க்கா. தைச்ச வாய்க்கு எவன் காசு போடுவான்?"

அப்போதே போனை வைத்துவிட்டேன்.

நேற்று நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷனை முடித்துவிட்டேன். மயக்கம் தெளிந்ததும் குழந்தை கேட்டாள்: "அந்த மாமாவுக்கு இனிமே என் போட்டோ வேணாமா?"

மீசையை மழித்துவிட்டு மேடையேறு. அதற்கடியில் இருக்கும் தழும்பை எல்லாரும் பார்க்கட்டும். உன் உதட்டைத் தைக்க அம்மா எந்த விருந்துக்கும் காத்திருக்கவில்லை.

அக்கா