குய்ஹுவாவின் நாக்கு

தியான்ஷுயி, மார்ச் 4

அன்புள்ள ஷூபிங்,

நலமா? போன கடிதத்துக்கும் பதில் இல்லை. இருந்தாலும் ஓர் உதவி கேட்கிறேன். நாடியும் நாக்கும் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதாது, கூடவே மருத்துவரின் நேர்மையையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்று எங்கள் சீன மருத்துவக் கல்லூரியில் உத்தரவு. பழங்கால வைத்தியர்களின் பெருமையைச் சொன்னேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். உன் மருத்துவமனையில் நடந்தது ஏதாவது எழுதேன்.

உன் வென்லான்

திங்ஸி, மார்ச் 20

அன்புள்ள வென்லான்,

என்னுடையதையே எழுதுகிறேன். வகுப்பில் என் பெயரைச் சொல்லாதே. செப்டம்பரில் குய்ஹுவா என்ற விவசாயி வந்தாள். நாக்கின் ஓரமெல்லாம் கருநீலத் திட்டுகள், உள்ளே ரத்தம் தேங்கியதற்கான அடையாளம். வெளியே அறுபது பேர். நாடியில் விரல் வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன். மண்ணீரல் பலவீனம் என்று எழுதி மூலிகை கொடுத்து அனுப்பினேன். உண்மையில் ஈரலில் கட்டி. ஜனவரியில் இறந்துபோனாள். அன்றே அவள் குறிப்பேட்டில், 'ஸ்கேன் எடுக்கச் சொன்னேன், மறுத்துவிட்டாள்' என்று செப்டம்பர் தேதி போட்டு எழுதிச் சேர்த்தேன்.

ஷூபிங்

தியான்ஷுயி, ஏப்ரல் 8

அன்புள்ள ஷூபிங்,

வகுப்பில் சொன்னேன். யாரும் கொட்டாவி விடவில்லை. ஒரு மாணவி எழுந்து, "அந்த டாக்டர் இன்னும் நோயாளி பாக்குறாங்களா? செத்துப்போனவங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா? உங்களுக்குத் தெரிஞ்சும் சும்மாவா இருக்கீங்க?" என்று கேட்டாள். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். நீயே அவள் கணவரிடம் போய்ச் சொல். மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் நான் அவருக்கு எழுதுவேன். என்னை வெறுத்தாலும் சரி.

வென்லான்

திங்ஸி, ஏப்ரல் 19

வென்லான்,

போனேன். அவள் கணவர் தோங் விதைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "ஆஸ்பத்திரியில கொடுத்த குறிப்பேட்டுல மறுத்துட்டானு எழுதியிருந்ததைப் படிச்சேன். பிடிவாதம் பிடிச்சே செத்துட்டானு மூணு மாசமா அவளத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். கல்லறையச் சுத்தம் பண்ற நாள்லகூட நான் போகல," என்றார். பிறகு செருப்புகூடப் போடாமல் அவள் கல்லறை இருக்கும் மலைப்பக்கம் நடந்தார். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

நடந்ததையெல்லாம் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது நோயாளி பார்ப்பதில்லை. அந்த மாணவியிடம் இதைச் சொல். என் பெயரையும் சொல்லலாம்.

எனக்கு இனி எழுதாதே. நீ சொன்னது சரிதான். ஆனாலும் உன் கடிதத்தைப் பிரிக்க எனக்குக் கை வராது.

ஷூபிங்