வருமானத்தைக் கூட்டிச் சொன்னவர்

அய்யா,

மத்தியானம் ஆபீஸில் பக்கத்து மேஜை அம்மா சப்பாத்தி டப்பாவைத் திறந்தார். கோதுமை வாசனை வந்ததும் என் தயிர்ச்சோற்றை மூடி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன். "என்ன மேடம், பசிக்கலையா?" என்று அவர் கேட்டார். பசித்தது. அந்த வாசனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு இத்தனை வயதாகியும் முடியவில்லை, அவ்வளவுதான்.

இது ஜூன் மாதம். பிள்ளைகள் கல்லூரியில் சேரும் நேரம். உதவித்தொகைக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, வங்கியில் கல்விக் கடனுக்கு ஒன்று என்று ஒரே வீட்டிலிருந்து மூன்று வருமானச் சான்று கேட்டு வருகிறார்கள். துணை வட்டாட்சியர் என்று பெயர்ப்பலகை போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை மரத்துவிடுகிறது. கை பரவாயில்லை, மனசு அதைவிட ஓய்ந்துபோகிறது. எல்லோரும் குறைத்துத்தான் சொல்கிறார்கள். மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்திச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, "கூலி வேலைதாங்க" என்கிறார்கள். நான் கோபப்படுவதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அரசாங்கம் இவ்வளவுக்கு மேல் போனால் கிடையாது என்று ஒரு கோடு போட்டால், அதற்குக் கீழே குனிந்து நுழையத்தான் மனிதன் பார்ப்பான். போன வருஷம் மகனுடைய கல்விக் கடனுக்காக நானும்தான் வங்கி மேனேஜர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்குத் தெரிந்து வருமானத்தைக் கூட்டிச் சொன்ன மனிதர் என்னைப் பெற்ற நீங்கள் ஒருவர்தான். இன்று காலை வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் பிளஸ் டூ முடித்த வருஷம், நம் கண்மாயில் தண்ணீர் நின்று மூன்று வருஷம் ஆகியிருந்தது. எட்டு ஏக்கரும் வெடித்துக் கிடந்தது. மிளகாய்கூடப் போடவில்லை. மதுரையில் பெண்கள் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அரசாங்க உதவித்தொகை வந்தால் கல்லூரிச் சம்பளமும் விடுதிச் சாப்பாடும் கவலையில்லை. வராவிட்டால் நான் படிக்கப்போவதில்லை. அதற்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம், உங்கள் வருமானச் சான்று.

ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்ததும், நீங்கள் வாத்தியார் வீட்டிலிருந்து நாற்காலி இரவல் வாங்கி வந்தீர்கள். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை அறுத்துவிட்டீர்கள். "ஆர்.ஐ. கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. வெளைச்சல் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். "எனக்குத் தெரியாதாக்கும்" என்று நீங்கள் மீசையைத் தடவிக்கொண்டீர்கள்.

நீங்கள் உள்ளதைத்தான் சொல்லியிருப்பீர்கள், அய்யா. அதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஆர்.ஐ. வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து உங்கள் பங்காளி வாசலில் வந்து நின்றார். கோயிலில் முதல் திருநீறு யாருக்கு என்று உங்கள் இரண்டு குடும்பத்துக்கும் தாத்தா காலத்துப் பகை. அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சும்மா வந்தவர் மாதிரி நிலைப்படியில் சாய்ந்துகொண்டார். "வருசத்துக்கு எவ்வளவு தேறும், பெரியவரே?" என்று ஆர்.ஐ. கேட்டார். நீங்கள் பங்காளியை ஒரு பார்வை பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள்.

"என்னங்க இப்படிக் கேட்டுட்டீக? எட்டு ஏக்கர் கெடக்கு. குதிருக்குள்ள கையை விட்டுப் பாருங்க, முழங்கை வரைக்கும் நெல்லு. நமக்கு என்ன கொறை?"

குதிருக்குள் அன்றைக்கு இருந்தவை இரண்டு காலிச் சாக்குகளும் நெல் அளக்கிற ஒரு உடைந்த மரக்காலும். ஆர்.ஐ. கையை விட்டுப் பார்க்கவில்லை. கோழிக்குழம்பைச் சாப்பிட்டார், நீங்கள் சொன்னதை எழுதிக்கொண்டார், சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? அடுத்த வாரம் சான்று வந்தது. கோட்டுக்கு மேலே வந்தது. அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா புள்ள படிப்பு என்னாகும்?" என்று மட்டும் சொன்னாள். நீங்கள் அன்று இரண்டு வேளையும் சாப்பிடவில்லை.

உங்களை இழுத்துக்கொண்டு திருவாடானைக்குப் பஸ் ஏறியது நான்தான். விண்ணப்பம் கொடுக்க நான்கு நாள்தான் பாக்கி. தாசில்தார் நல்ல மனிதர். "பெரியவரே, நீங்க சொன்னதைத்தானே எழுதியிருக்காங்க? இப்ப மாத்திச் சொன்னா எப்படி?" என்று பொறுமையாகக் கேட்டார். அறையில் கிளார்க்குகள் இருந்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சில் நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் பட்டாவுக்காகக் காத்திருந்தார்கள். நீங்கள் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தீர்கள். நான் காத்திருந்தேன், அய்யா. இன்னும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம். எனக்குப் பதினேழு வயது. எனக்குப் படிப்பு வேண்டும்.

"எங்க அய்யா சொன்னது பொய்யிங்க" என்றேன். "நெல்லு வெளைஞ்சு மூணு வருசமாச்சு. வீட்ல கோதுமைக் கஞ்சிதான். அந்தக் கோதுமையும் எங்க அம்மா உப்பூர்ப் பக்கம் ரோட்டுக்கு மண்ணு சொமந்து வாங்கிட்டு வந்த கூலிங்க."

உங்கள் முகம் என் பக்கம் திரும்பியபோதுதான் எனக்கு உறைத்தது. உங்களுக்கு அது தெரியாது.

அரசாங்கம் வறட்சி வேலை நடத்திய காலம் அது. கூலியில் பாதியைக் கோதுமையாக அளந்து கொடுப்பார்கள். நம் ஊர்க் கண்மாயிலும் அந்த வேலை நடந்தது. உங்கள் வீட்டுப் பெண் அங்கே சட்டி தூக்குவதை நீங்கள் விடமாட்டீர்கள். அதனால் அம்மா, தங்கைக்குப் பிரசவம், கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று உப்பூருக்குப் போனாள். இருபது நாள் கழித்துச் சாக்கில் கோதுமையோடு வந்தாள். "தங்கச்சி வீட்ல குடுத்து விட்டாக" என்றாள். பிறகு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இன்னொரு இருபது நாள். சித்தியைப் பார்க்க ஒரு சனிக்கிழமை போன நான், முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டு மண் சட்டியோடு போகிற அம்மாவை ரோட்டில் பார்த்தேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அந்தச் சத்தியத்தைத்தான் நான் தாசில்தார் மேஜைமேல் போட்டு உடைத்தேன்.

"பிள்ளை சொல்றது உண்மையா, பெரியவரே?"

"பிள்ளை சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றீர்கள். குரல் உங்களுடையதாகவே இல்லை.

மறுவிசாரணைக்கு எழுதினார்கள். மூன்றாம் நாள் சரியான சான்று கையில் வந்தது. உதவித்தொகையும் வந்தது. நான் படித்தேன். ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்த பஸ் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஊருக்குப் பிரியும் விலக்கு வரும் வரை நீங்கள் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். இறங்கி நடக்கும்போது, "எத்தனை நாளு போனா?" என்று கேட்டீர்கள். "நாப்பது நாளு, அய்யா" என்றேன். வீட்டுக்குப் போனதும் சண்டை வரும் என்று பயந்தேன். நீங்கள் அம்மாவைத் திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நம் ஊர்க் கண்மாய்க்கே போனீர்கள். ஊர் பார்க்க, பங்காளி பார்க்க, வரிசையில் நின்று பெயர் கொடுத்தீர்கள். போகும்போது அம்மாவிடம், "நீ இனிமே எங்கயும் போக வேணாம்" என்று சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அந்த வாரக் கடைசியில் கோதுமையைச் சுமந்து வந்து நடுவீட்டில் இறக்கினீர்கள். கோதுமை உடம்புக்குச் சூடு என்று அதுவரை ஒதுக்கிக்கொண்டிருந்தவர், அன்று இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். எனக்குத்தான் இறங்கவில்லை.

நம் இருவருக்கும் இடையில் பேச்சு நிற்கவில்லை, உண்மைதான். லீவுக்கு வந்தால் "வா தாயி" என்றீர்கள். கல்லூரிக்கு ஒரு தடவைகூட வரவில்லை. இந்தத் துறையில் எனக்கு வேலை உத்தரவு வந்த அன்று அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனிமே ஆரு வருமானத்தையும் தாயி நீயே எழுதிக்கலாம்" என்று சிரித்தீர்கள். கேலியா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிழைத்துப்போகட்டும் என்று மன்னித்த வார்த்தையாகக்கூட அது இருக்கலாம். நீங்கள் போய் நான்கு வருஷம் ஆகிறது. உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்டால் அந்த அறையில் உங்களை மறுபடி நிறுத்தியது போல் ஆகிவிடும் என்று நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். பொய் சொன்னது நீங்கள், உண்மை சொன்னது நான். ஆனாலும் வெட்கமாக இருப்பது எனக்குத்தான்.

இன்று காலை திருப்பாலைக்குடியிலிருந்து ஒருவர் வந்தார். கடலுக்குப் போகிறவர். மகளை நர்சிங் சேர்க்கக் கல்விக் கடன் கேட்டிருக்கிறார். துணைக்கு ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். மனுவில் வருமானம் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. "வருசத்துக்கு எவ்வளவு கெடைக்கும்?" என்று கேட்டேன். அவர் கூட வந்தவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்லைங்க மேடம். ரெண்டு வள்ளம் ஓடுது."

அந்தப் பெண் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நான் பேனாவை மூடி வைத்தேன், அய்யா. கூட வந்தவரை வராந்தாவில் இருக்கச் சொன்னேன். கிளார்க்கை ஒரு பைல் எடுக்க அனுப்பினேன். அந்தப் பெண் நகரவில்லை.

"நீயும் கொஞ்சம் வெளிய இரும்மா" என்றேன்.

"இல்ல மேடம். எங்க வாப்பா சொல்ல மாட்டாக. நான்தான் உள்ளதைச் சொல்லுவேன்."

"தெரியும்மா," என்றேன். "அதனாலதான் வெளிய இருக்கச் சொல்றேன்."