அடுப்படிக்குள் வந்த கடல்

மச்சான்,

மத்தியானம் சோறு பிசையும்போது கையிலிருந்து குழாய் ஒட்டும் பசையின் வாடை வந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. இதுவரை உங்கள் கையில் மட்டுமே இருந்த வாடை. எரிச்சலில் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

துபாயில் ஒரு ஹோட்டலின் பெரிய மீன்தொட்டியைக் கவனிக்கும் வேலையிலேயே உங்கள் வயது போனது. ஊர் திரும்பியதும் மற்றவர்கள் கடை வைப்பார்கள், மனை வாங்குவார்கள். நீங்கள் கூடத்துச் சுவரை அளந்தீர்கள். எட்டடிக் கண்ணாடித் தொட்டி, உள்ளே கடல்தண்ணீர், பவளம், மீன். அருப்புக்கோட்டையில்!

"ஊரே நல்ல தண்ணிக்கு அலையிது. நீங்க லாரித் தண்ணிய வாங்கி உப்பக் கொட்டப் போறீகளா?" என்றேன்.

"இத்தன வருஷம் ஊரான் கடலத் தொடச்சேன் புள்ள. நமக்குன்னு ஒண்ணு வேண்டாமா?" என்றீர்கள்.

தொட்டியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். குழாய்தான் என்னைக் கொன்றது. கூடத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் கீழே இறங்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம், என் அடுப்படியில், ஒரு கீழ்த்தொட்டியில் சுத்தமாக வேண்டும். அங்கிருந்து மோட்டார் அதை மேலே தள்ள வேண்டும். இதை நீங்கள் சாக்பீஸால் சுவரில் வரைந்தீர்கள், அழித்தீர்கள், மறுபடி வரைந்தீர்கள். பெருநாளுக்கு வந்த சொந்தக்காரர்கள் அந்தக் கிறுக்கலுக்குக் கீழே உட்கார்ந்துதான் பிரியாணி சாப்பிட்டார்கள். ஒரு வளைவு கூடினால் தண்ணீரின் வேகம் குறையுமாம். ஒரு வளைவைக் குறைப்பதற்காக என் மசாலா அலமாரியைப் பெயர்த்தீர்கள்.

"கரண்டு போனா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் யோசிச்சாச்சு."

நன்றாக யோசித்தீர்கள். வெறும் தண்ணீரை விட்டு ஓட்டிப் பார்த்த அன்று மோட்டாரை நிறுத்தினீர்கள். மேலே தள்ளிய குழாயே தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக் கீழே கொட்டியது. கீழ்த்தொட்டி நிரம்பி வழிந்து அரிசி மூட்டை நனைந்தது. நான் தலையில் கைவைத்து நிற்க, நீங்கள் சிரித்தீர்கள். "நல்லவேளை, மீன் விடுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு!" பிறகு அந்தக் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்னதாக ஓர் ஓட்டை போட்டீர்கள். மட்டம் இறங்கியதும் அதன் வழியாகக் காற்று ஏறி உறிஞ்சல் நின்றுவிடும். நின்றது. மீன் வந்தது, பவளம் வந்தது. தெருவே வந்து பார்த்தது.

ஒரு வருஷம்கூட நீங்கள் அதைப் பார்த்து உட்காரவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்றீர்கள். மதுரை போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"வித்துருங்க மதினி, உங்களால ஆகாது" என்று உங்கள் தம்பி சொல்லிக்கொண்டே இருக்கிறார். போன வாரம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கரண்டு போய், அடுப்படி முழுக்க உப்புத் தண்ணீர். எல்லாக் குழாயும் ஒரே வெள்ளை. போவது எது, வருவது எது என்று ஓர் அடையாளம் போட்டீர்களா? எல்லாம் உங்கள் தலைக்குள். ஒவ்வொரு வால்வாகத் திருகி, உங்களைத் திட்டிக்கொண்டே கண்டுபிடித்தேன். அந்தச் சின்ன ஓட்டையை, சுண்ணாம்பு போல இறுகிப்போன கடல்பாசி அடைத்திருந்தது. கழற்றிச் சுத்தம் பண்ணலாம் என்றால், எல்லா இணைப்பையும் பசை போட்டு ஒட்டிவைத்திருக்கிறீர்கள்!

பஜாரில் குழாய்க் கடைக்காரர், "வீட்ல ஆம்பளைக யாராச்சும் இருந்தா வரச் சொல்லுங்கக்கா" என்றார்.

"அவுக ஒட்டுனதத்தான் அறுக்கப் போறேன். நீங்க சாமானக் குடுங்க" என்றேன்.

ரம்பத்தால் அறுத்தேன். கையால் திருகிக் கழற்றுகிற இணைப்பை வைத்து ஒட்டினேன். பவளத்துக்கு வேகம் வேண்டும் என்று நீங்கள் ஆழத்தில் இறக்கியிருந்த குழாய்வாயை, தண்ணீர் மட்டத்தை ஒட்டி உயர்த்திவிட்டேன். இனி ஓட்டை அடைத்தாலும் கொஞ்சத் தண்ணீர்தான் இறங்கும். இதற்கு நீங்கள் ஒரு மாதம் சண்டை போட்டிருப்பீர்கள். இன்று காலையில் மோட்டாரை நானே நிறுத்திப் பார்த்தேன். தண்ணீர் இரண்டு விரல்கடை இறங்கியது, நின்றது. "பாத்தீகளா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

தொட்டிக்குள் அலையடிக்கிற அந்தச் சின்னப் பம்பு ஏன் இடது மூலையில் சாய்ந்தே இருக்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. நேராக்கிவிடக் கை வரவில்லை. கேட்டால் சொல்ல நீங்கள் இல்லை. உங்கள் மேல் எனக்குக் கோபம் ஆறவே இல்லை, மச்சான். ஆறிவிட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?